இருபத்தாறாவது தூண்

கல்லை வரைவதற்கு மாலை நான்கு மணிக்கு மேல் வருகிற வெளிச்சம்தான் நல்லது. காலை வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகத் தெரியும். உச்சி வெயிலில் மூக்கு எது, மூக்கின் நிழல் எது என்று பிரிக்க முடியாது. நான்கு மணிக்கு மேல் வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் உளி எங்கே அழுந்தியது, எங்கே தயங்கியது என்பதெல்லாம் கண்ணுக்குக் கிடைக்கும். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தப் பழக்கத்தில் முதலில் இதை எழுதிவிட்டேன்.

என் பெயர் அடைக்கலமேரி. வயது அறுபத்தொன்று. இறந்துபோன பிச்சைமுத்து என் கணவர். இது இன்ஸ்பெக்டர் மணிமாறன் அவர்களுக்கு நானே என் கையால் எழுதிக் கொடுப்பது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. போன வருடம் அக்டோபரில் நீங்கள் என்னிடம் வாங்கிய வாக்குமூலத்தில் ஒரே ஒரு பொய்தான் இருக்கிறது. அது நேரம் பற்றியது. மற்றபடி, சில விஷயங்கள் அதில் இல்லை.

எங்கள் ஊரில் மிக்கேல் சம்மனசு என்கிற தேவதூதரின் கோயிலை நீங்கள் அன்று அவசரத்தில் பார்த்தீர்கள். அரியலூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது ஒரு பழைய கிடங்கு மாதிரித்தான் தெரியும். குட்டைக் கோபுரம், மூன்றடிக் கனத்தில் சுவர், சின்னச் சின்ன ஜன்னல்கள். கூர்மையான வளைவு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே அரைவட்டம். நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் பிரான்சிலிருந்து வந்த ஒரு சாமியார், தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கிராமத்துக் கோயிலை ஞாபகத்திலிருந்து வரைந்து, அதே மாதிரி இங்கே கட்டவைத்தார். அந்தப் பாணிக்கு ரோமனெஸ்க் என்று பெயர். அவர்கள் ஊரில் ஆயிரம் வருடப் பழசு. இங்கே கல் மட்டும் நம் மண்ணின் சுண்ணாம்புக் கல். உற்றுப் பார்த்தால் சுவர் முழுக்கக் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் தெரியும்.

உள்ளே பக்கத்துக்குப் பதின்மூன்றாக இருபத்தாறு தூண்கள். ஒவ்வொரு தூணின் தலைக்கல்லிலும் ஒரு சிற்பம். எழுதப் படிக்கத் தெரியாத சனங்கள் பார்த்துப் படிக்க வேண்டிய பாடம் அது. சாமியார் சொன்னதைச் செதுக்கியவனுக்குச் சாமியாரின் நாடு தெரியாது. திராட்சைக் கொடி கேட்டிருக்கிறார். அவன் திராட்சையைக் கண்டதில்லை, பாகற்கொடியைச் செதுக்கிவிட்டான். தன் நெஞ்சைத் தானே கொத்தி, இரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டுகிற பறவை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆண்டவர் நமக்காக இரத்தம் சிந்தியதற்கு அது அடையாளம். அவன் கரைவெட்டி ஏரிக்குப் போய்க் கூழைக்கடாவைப் பார்த்துவிட்டு வந்து, அலகுப் பையோடு அப்படியே வைத்துவிட்டான். காலில் தைத்த முள்ளை எடுக்கிற ஒருவன் இருக்கிறான். பாவத்தைப் பிடுங்கி எறிகிறவன் என்று அர்த்தம். அவன் கையில் இருப்பது நம் இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்குகிற முள்வாங்கி. ஆன்மாக்களை நிறுக்கும் மிக்கேல் சம்மனசுக்கு மீசை வைத்திருக்கிறான். தராசுத் தட்டைக் கீழே இழுக்கிற பசாசுக்கு எல்லைக் காவல் முனியின் கோரைப்பல்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் இவற்றைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்போதுதான் ஓவியப் பயிற்சி முடித்திருந்தேன். அந்தத் திமிர் இருந்தது. "கை என்னங்க இம்மா நீளம், கொரங்காட்டம்? கை தேறாத ஆளு செஞ்சிருக்கான்" என்று பிச்சைமுத்துவிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். அவர் நான் சொல்லும் எதையும் மறக்கிறவர் இல்லை.

அந்தக் கை ஏன் அத்தனை நீளம் என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. தூணடியில் முழங்காலிட்டு அண்ணாந்து பார்க்கிறவனுக்கு அது சரியான நீளமாகத் தெரியும். அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. இருபத்தாறையும் நாலு பக்கமும் வரைந்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். பதினோரு வருடம் பிடித்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை ஒரு காரணமாக எழுதிக்கொள்ள வேண்டாம். பிள்ளை இருந்திருந்தாலும் வரைந்திருப்பேன்.

பிச்சைமுத்து மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். லீவு நாளெல்லாம் எனக்கு ஏணி பிடித்தார். கோயிலின் தரை கடப்பைக் கல்; ஏணியின் கால் வழுக்கும். அடிப்படியை ஒருவர் அழுத்தி மிதித்துக்கொள்ள வேண்டும். "கீழ ஆள் இல்லாம மேல ஏறக் கூடாது மேரி, அதான் எங்க தொழில்ல மொதப் பாடம்" என்பார். மணிக்கணக்கில் நிற்பார். ஒரு நாள்கூட உட்காரட்டுமா என்று கேட்டதில்லை. நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்று நினைக்கிறேன்.

நான்கைந்து வருடமாகப் பக்கத்துச் சுரங்கத்தில் வெடி வைக்கும்போதெல்லாம் கோயிலில் பொடி உதிர்ந்தது. பீடத்துக்கு முன்னால் இருக்கிற பெரிய வளைவில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் விட்டது. போன வருடம் ஆகஸ்டில் கோயிலைப் பூட்டி, பூசையைப் பள்ளிக்கூடக் கொட்டகைக்கு மாற்றினார்கள். இடித்துவிட்டு ஆயிரம் பேர் உட்காருகிற மாதிரிக் கான்கிரீட்டில் கட்டலாம் என்று பேச்சு வந்தது. இடிக்க வேண்டாம் என்று நான் பிஷப் ஹவுசுக்கு நாலு கடிதம் எழுதினேன். படங்களை நகலெடுத்து அனுப்பினேன். சாவி என்னிடம்தான் இருந்தது. கடைசித் தூண் ஒன்று பாக்கி இருந்ததால், அதை மட்டும் வரைந்துகொள்ளப் பங்கு ஃபாதர் அனுமதித்திருந்தார். அது பெரிய வளைவைத் தாங்குகிற தூண். தலைக்கல் முழுக்கப் புறா எச்சம் படிந்து, என்ன சிற்பம் என்றே யாருக்கும் தெரியாமல் இருந்தது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வரும்போது ஃபாதர் என்னை நிறுத்தினார்.

"டீச்சர், உங்களுக்கு நான் நன்றி சொல்லணும். இவ்ளோ வருசம் வரைஞ்ச நீங்களே இப்படி எழுதிக் குடுக்கறதுன்னா பெரிய மனசு வேணும். அத வெச்சுதான் பிஷப் ஹவுஸ்ல இடிக்கற முடிவே எடுத்தாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். "அந்தக் காப்பி ஒண்ணு வேணும் ஃபாதர்" என்றேன். கொடுத்தார்.

அரியலூரில் ஏதோ டி.டி.பி. சென்டரில் அடித்த கடிதம். ஓவிய ஆசிரியை என்ற முறையில் இச்சிற்பங்களை நீண்ட காலம் ஆராய்ந்ததாக நான் சொல்கிறேன். உறுப்புகள் அளவில் பொருந்தாதவை. கை தேறாத தொழிலாளியின் வேலை. பாதுகாக்கத் தகுந்த கலைமதிப்பு எதுவும் இல்லை. அடியில் என் கையெழுத்து. நன்றாகவே போட்டிருந்தார். ஆனால் நான் முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் கோடுகளைத் திருத்தியவள். 'மேரி'யின் கடைசிச் சுழியில் பேனா ஒரு நொடி நின்று கிளம்பியிருந்தது. பழகிப் பழகிப் போடுகிறவனின் கை அது. எனக்குப் பதிலாகப் போட்ட அந்தச் சுழியைப் பால் கணக்கு நோட்டிலும் கேஸ் புத்தகத்திலும் தினம் பார்த்திருக்கிறேன்.

வேறு யார் எழுதியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். ஏணி பிடித்தவர் எழுதியிருந்தார். அதுவும் நான் சொன்ன வார்த்தையை, இருபத்தைந்து வயதில் வாய்க்கொழுப்பில் சொன்ன வார்த்தையை, இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து சுண்டைவற்றல் குழம்பு வைத்தேன். அவர் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார். நான் எதையும் கேட்கவில்லை. அவராகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அது நியாயம்தானே. சந்தர்ப்பமும் கொடுத்தேன். ஒரு நாள், "பிஷப் ஹவுஸ்லேர்ந்து என் லெட்டருக்குப் பதிலே காணுமே" என்றேன். "வரும், வரும்" என்று தட்டில் கோடு போட்டார். இன்னொரு நாள், "இடிச்சுட்டா நான் என்னங்க பண்ணுவேன்" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று எழுந்துபோனார். இப்படி மூன்று வாரம்.

அக்டோபர் பதினான்கு, சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டதும் அவரே சொன்னார்: "வா மேரி, அந்தக் கடசித் தூண முடிச்சிடுவோம். நீ ஏற வாணாம். நானே ஏறி எச்சத்த எல்லாம் தட்டி உடறேன். நீ கீழ ஒக்காந்தே வரை."

மூன்றரைக்குப் போனோம். அவர் ஏறினார். விழுந்தார். உங்களுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. "முப்பது வருசம் கம்பத்துல ஏறுன ஆளு, ஏணிலேர்ந்து எப்படிம்மா விழுந்தாரு?" என்று நீங்கள் கேட்டீர்கள். முட்டி வலி இருந்தது, வயசு அறுபத்திநாலு என்றேன். இரண்டும் உண்மை. எழுதிக்கொண்டீர்கள். போகும்போது "தைரியமா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நல்ல மனிதர் நீங்கள்.

அதன்பின் நடந்தவை ஊருக்கே தெரியும். சாவு நடந்த இடம் என்று இடிக்கிற வேலையை நிறுத்திவைத்தார்கள். அதற்குள் நான் வரைந்த கடைசிப் படம் வெளியே போயிற்று. அந்தத் தலைக்கல்லில் இருந்தவன் அந்தச் சிற்பங்களைச் செதுக்கியவனே. குந்தி உட்கார்ந்து, கையில் உளியும் சுத்தியுமாக, காலடியில் பெயரோடு: செட்டிகுளம் வேம்பு. வெள்ளைக்காரச் சாமியாரின் கோயிலில், பீடத்துக்கு அருகே, நம் ஊர்க்காரன் ஒருவன் தன்னையே செதுக்கிவைத்திருக்கிறான் என்று பத்திரிகையில் வந்தது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் கார் கட்டி வந்தார்கள். வளைவுக்கு இரும்புப் பட்டை போட்டு, விரிசலை அடைத்து, இந்த ஈஸ்டருக்குக் கோயிலைத் திறந்தார்கள். இப்போது இடிப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் பேசாமல் இருந்திருப்பேன். போன வாரம் ஃபாதர் வீட்டுக்கு வந்தார். வரும் கல்லறைத் திருநாள் அன்று அந்த இருபத்தாறாவது தூணில் ஒரு கருங்கல் பலகை பதிக்கப் போகிறார்களாம். 'இவ்வாலயத்துக்காக உயிர் ஈந்த பிச்சைமுத்து' என்று வெட்டியாகிவிட்டதாம்.

"வேண்டாம் ஃபாதர்" என்றேன்.

"அந்த லெட்டர நெனச்சுச் சொல்றீங்களா டீச்சர்?" என்று அவர் கேட்டார்.

அதை எழுதியது யார் என்று எனக்குத் தெரியும் என்பது ஃபாதருக்குத் தெரிந்திருந்தது. இறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் பிச்சைமுத்து அவரிடம் போயிருக்கிறார். பாவத்தை இரகசியமாகச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் இல்லை, வெளியே வேப்பமரத்தடியில். அதனால்தான் சொல்ல முடிகிறது என்றார் ஃபாதர்.

"அழுதுட்டாரு டீச்சர். 'அந்த வளைவு ஒரு நாளு எறங்கப் போவுது ஃபாதர். எத்தன தடவ சொல்லியும் அவ காதுல ஏறல. பென்சில எடுத்துட்டான்னா அவளுக்கு ஒலகமே தெரியாது. அவ அதுக்கடியிலதான் சாவா. கோயில் இருந்தாத்தானே அங்க போவா'ன்னாரு. டீச்சர் அந்த லெட்டர ஏற்கெனவே பாத்துட்டாங்கய்யா, எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலன்னேன். அப்படியே தரையில குந்திட்டாரு. 'தெரிஞ்சுமா எனக்குச் சோறு போட்டா'ன்னாரு. சனிக்கிழம சொல்லிடறேன்னு போனாரு. சொன்னாரா?"

"இல்லை" என்றேன்.

இதைக் கேட்டால் நான் அழுவேன், பலகைக்குச் சம்மதிப்பேன் என்று ஃபாதர் நினைத்திருக்க வேண்டும். அவருக்கு அனுபவம் போதாது. வளைவைப் பற்றி என்னிடம் சொன்னதாகப் பிச்சைமுத்து சொல்லியிருக்கிறார். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. ஒன்றிரண்டு தடவை சொல்லியிருக்கலாம், நான் வரைந்துகொண்டிருந்திருப்பேன். எதுவானாலும் என் பெயரில் பொய் எழுத அது அனுமதி ஆகாது. அந்தக் கோயிலில் பாகற்கொடி இருக்கிறது, மீசை வைத்த சம்மனசு இருக்கிறது, ஆனால் பொய்யான கல் ஒன்றுகூட இல்லை. வேம்பு தெரியாததைச் செதுக்கவில்லை. அவன் பெயருக்குக் கீழே இந்தப் பலகை வரக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வாக்குமூலத்தைப் படித்ததும் முதல் வேலையாக ஃபாதருக்கு போன் செய்து, பலகையை நிறுத்தச் சொல்லுங்கள்.

அன்று நடந்தது இதுதான்.

அவர் மேலே பிரஷால் தட்டத் தட்ட எச்சம் பொருக்குப் பொருக்காக விழுந்தது. நான் வலது காலால் அடிப்படியை மிதித்திருந்தேன். மேற்கு வட்ட ஜன்னலிலிருந்து வெளிச்சம் மெல்ல அந்தத் தூணுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"மேரி, இங்க ஒரு ஆளு குந்தியிருக்கான். கையில உளி வெச்சிருக்கான். வாயத் தொறந்துகிட்டு இருக்கான், பாட்டுப் பாடறாப்ல." சற்று நேரம் கழித்து, "கீழ எழுத்து இருக்கு. நம்ம எழுத்துதான். இரு, படிக்கிறேன்" என்றார். ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்துத் துடைத்துப் படித்தார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஏங்க, எங்கிட்ட எதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

பிரஷ் நின்றது. குனிந்து என்னைப் பார்த்தார்.

"ஆமா மேரி. எறங்கி வந்து சொல்றேன். நல்லா மிதிச்சுக்க."

"மிதிச்சிருக்கேன், எறங்குங்க" என்றேன்.

மூன்று வாரம் காத்திருந்தேன். இன்னும் காத்திருக்கச் சொன்னார். அவர் இரண்டு படி இறங்கியதும் காலை எடுத்தேன். ஏணி நகரவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் அதன் அடியை என் பக்கம் இழுத்தேன். தரை வழவழப்பு என்பதால் அதிகம் பலம் தேவைப்படவில்லை.

அப்போது மணி நான்கு இருபது. ஐந்தரை என்று நான் உங்களிடம் சொன்னதுதான் அந்தப் பொய்.

அவர் இடுப்பு அடிபட்டு விழுந்தார். தலையில் அடியில்லை. நினைவு இருந்தது. உள்ளுக்குள்ளே இரத்தம் போய்க்கொண்டிருந்தது என்றும், ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். என்னை ஏன் இப்படிப் பண்ணினாய் என்று அவர் கேட்கவில்லை. "மேரி, போன் போடு" என்றார். போன் என் பையில் இருந்தது. மூன்றடிச் சுவர்; உள்ளே கூப்பிட்டால் வெளியே கேட்காது. வெளிச்சம் சரியாக வேம்புவின் முகத்துக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் போய்விடும். பெஞ்சை இழுத்துப்போட்டு உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். அந்தப் படத்தை நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். ஒரு கோடுகூட நடுங்கவில்லை என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

ஏணி சரிந்தபோது பெரிய வளைவில் உரசியிருக்க வேண்டும். விரிசலிலிருந்து காரை உதிர்ந்தது. முதலில் பொடியாக, அப்புறம் கைப்பிடி அளவுக் கட்டி ஒன்று என் பெஞ்சின் பக்கத்தில் வந்து விழுந்தது. அவர் படுத்தபடி அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு தனக்கு வேண்டும் என்று எதையும் கேட்கவில்லை. போன், தண்ணீர் எதையும். "அங்க குந்தாத மேரி. கல்லு எறங்குது. வெளிய போ" என்றார். நான் வேம்புவின் விரல்களை வரைந்துகொண்டிருந்தேன். "வெளிய போயிடு மேரி" என்று மறுபடி மறுபடி சொன்னார். குரல் குறைந்துகொண்டே வந்தது. ஐந்து மணிக்கு மேல் உதடு மட்டும் அசைந்தது. அப்போதும் அதே சொல்தான்.

ஃபாதர் சொன்னதைக் கேட்டுவிட்டு நீங்கள் இதற்கு வேறு அர்த்தம் எழுதிக்கொள்ளக் கூடாது. எனக்குச் சந்தேகமே இல்லை, சார். சாகிற நேரத்தில்கூட அவர் என்னை அந்தக் கோயிலைவிட்டு வெளியேற்றத்தான் பார்த்தார்.